மலைக்கு வந்த கொடை

சின்னசேலம் புகைவண்டி நிலையத்தில் காலை வேளையில் நின்று வடமேற்கே நோக்குபவர்க்குக் கல்வராயன் மலைத்தொடர் நீலமும் சாம்பலும் கலந்த நெடுஞ்சுவராகத் தோன்றும். மழைக்காலத்தில் அம்மலைச் சரிவுகளிலிருந்து இறங்கும் நீர் கோமுகி ஆறாகிக் கச்சிராயபாளையத்திற்கு அருகே அணையில் தங்கி, கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்களை நனைக்கிறது. சமவெளியில் வாழும் நாம் உண்ணும் சோற்றில் அம்மலைக்காட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. எனினும் அம்மலையைப் பற்றி நாம் அறிந்தது சிறிது. அதில் வாழும் மக்களைப் பற்றி அறிந்தது அதனினும் சிறிது.

கல்வராயனுக்கு மேற்கே, அதனோடு ஒட்டினாற்போல் எழுந்து நிற்பது சித்தேரி மலை. இன்று அது தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. வெள்ளையர் ஆட்சியில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இரு மலைகளிலும் வாழ்பவர்கள் மலையாளி என்னும் ஒரே பழங்குடியினர். சாமையும் கேழ்வரகும் விதைத்து, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்ந்த மக்கள் அவர்கள். அந்தச் சித்தேரி மலைக்கு 1929-ஆம் ஆண்டில் ஒரு விந்தையான குழு வந்து கூடாரம் அடித்தது. அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. ஆனால் அவர்கள் வேட்டைக்காரர்கள் அல்லர். அவர்களது செலவுக்கான பணம் நியூயார்க் நகரத்துச் செல்வர் ஒருவரின் பையிலிருந்து வந்தது. காட்டுயிர்க்கென்று தொலைதூரத்துச் செல்வர் கொடுக்கும் கொடை, நம் வட்டாரத்தின் வாயிலுக்கு வந்த பழைய நிகழ்ச்சி அது. அக்கொடையின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றுண்டு.

பழம்பொருள் வணிகரின் ஆசை

ஆர்தர் வெர்னே என்பது அச்செல்வரின் பெயர். 1877-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், அமெரிக்கா சென்று நியூயார்க்கில் ஆங்கிலேயப் பழம்பொருள்களை விற்கும் கடை வைத்துப் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளைக் கொண்டு அவர் செய்ய விரும்பியது வேட்டை. அக்காலத்துச் செல்வர் பலரைப் போல் வேட்டையாடிய விலங்கின் தலையைத் தம் கூடத்துச் சுவரில் மாட்டிக்கொள்வதோடு அவர் நின்றுவிடவில்லை. 1923-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஆட்சிப் பணியிலிருந்த ஜான் ஃபான்தார்ப் என்பவரோடு சேர்ந்து இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் பெரும் பயணம் மேற்கொண்டார். யானை, காண்டாமிருகம், புலி, காட்டெருமை என்று பெருவிலங்குகளின் உடல்களைத் திரட்டி, நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். 1930-இல் அங்குத் திறக்கப்பெற்ற தெற்காசிய விலங்குகளின் கூடம் அவ்விருவரின் பெயரையே தாங்கிற்று.

இன்று இதனைப் படிக்கையில் நமக்குச் சற்று அதிர்ச்சியாக இருக்கலாம். விலங்கைக் கொன்றுதான் விலங்கின்மீது அன்பை வளர்க்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அக்காலத்து அறிவியல் அப்படித்தான் நடந்தது. எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று தெரியாமல் அதனைக் காக்க இயலாது. அதனைத் தெரிந்துகொள்ளும் வழியாக அன்று துப்பாக்கியே இருந்தது. வெர்னேயின் பணம் அந்த வழியில் ஓடிற்று.

கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி அறிஞர்கள் ஓரளவு எழுதியிருந்தனர். கிழக்குத் தொடர்ச்சி மலையோ, துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தமையால், ஏறக்குறைய ஏட்டில் ஏறாத நிலமாகவே இருந்தது. இக்குறையைப் போக்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் விரும்பியது. அதற்கான பொருளை வெர்னே கொடுத்தார். அதனால் அம்முயற்சிக்கு ‘கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வெர்னே அறிவியல் ஆய்வு’ என்று பெயராயிற்று. கழகத்தின் பணியாளராகிய லாபர்சோன் என்பவர் களத்தில் இறங்கி உழைத்தார். சேலத்தை அடுத்த குரும்பப்பட்டி, சேர்வராயன் மலை, சித்தேரி மலை என்று தொடங்கி, வடக்கே பாலகொண்டா, சேஷாசலம், நல்லமலை எனப் பல இடங்களில் முகாம் நடந்தது.

அங்கே நடந்த வேலை பொறுமையான வேலை. வீழ்த்திய பறவையின் தோலை இறகு கலையாமல் உரித்து, உள்ளே பஞ்சு அடைத்து, தைத்து, காலில் ஒரு சிறு சீட்டைக் கட்டுவார்கள். எடுத்த நாள், இடம், இடத்தின் உயரம், ஆணா பெண்ணா என்பது, எடுத்தவர் பெயர் ஆகியவை அச்சீட்டில் எழுதப்படும். பிறகு அத்தோல்கள் கப்பலேறின. பஞ்சாபில் காவல்துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஹியூ விஸ்லர் என்பவரும், பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நார்மன் கின்னியர் என்பவரும் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பம்பாய்க் கழகத்தின் இதழில் 1930-களில் தொடர் கட்டுரைகளாக எழுதினார்கள். தென்னிந்தியப் பறவைகளைப் பற்றி ஆராய்வோர் இன்றும் அக்கட்டுரைகளைப் புரட்டாமல் இருக்க முடியாது. சித்தேரியில் அன்று எந்தப் பறவை இருந்தது, இன்று எது இல்லை என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால், அதற்கு அடிப்படைக் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

அந்த நன்மை அங்கேயே நின்றுவிடவும் இல்லை. அவ்வாய்வு நடந்த காலத்தில் வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர் சலீம் அலி, அதே போன்ற ஆய்வை ஐதராபாத் சமஸ்தானத்தில் நடத்தலாம் என்று முன்வந்தார். பயணச் செலவைக் கொடுத்தால் போதும், ஊதியம் வேண்டாம் என்றார். 1931-இல் தொடங்கிய அப்பணி, பிறகு திருவிதாங்கூர், கொச்சி என்று விரிந்தது. இந்திய நாட்டின் பறவையியலே அவ்வழியில் வளர்ந்தது. ஒருவர் பணம் கொடுத்தார். மற்றொருவர் தம் வாழ்நாளைக் கொடுத்தார்.

சீட்டில் இடம்பெறாத பெயர்

ஆயினும் அச்சிறு சீட்டை நாம் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். நாளுக்கும் இடத்திற்கும் உயரத்திற்கும் எடுத்தவர் பெயருக்கும் அதில் இடமிருந்தது. எந்தப் புதரில் எந்தப் பறவை அடையும், எந்தச் சுனையில் எந்த விலங்கு நீர் அருந்தும் என்று சொல்லிக்கொடுத்தவருக்கு இடமில்லை. சித்தேரியின் ஒற்றையடிப் பாதைகளில் வழிகாட்டியும் சுமை தூக்கியும் சென்றவர்கள் மலைவாழ் மக்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். கொடை கொடுத்தவர் பெயர் ஆய்வின் தலைப்பிலேயே நிற்கிறது. பர்மாவில் வெர்னே பின்னர் நடத்திய ஆய்வின் நினைவாக ஒரு சிற்றெலியின் இனத்திற்கே ‘வெர்னேயா’ என்று பெயரிட்டார்கள். வழிகாட்டியவர்களோ வரலாற்றில் பெயரின்றி மறைந்தார்கள்.

அவர்கள் அன்று எந்த நிலையில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அண்டையிலுள்ள கல்வராயனே சான்று. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலை, சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்தது. குடிமக்கள் ஜாகிர்தார்களுக்கு வரி கட்டியதோடு கூலியில்லாத ஊழியமும் செய்தார்கள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றபின், 1976-ஆம் ஆண்டிலேயே அரசு அந்த ஜாகிர்களைத் தன்வயப்படுத்திற்று. மலையின் பறவைகள் ஏட்டில் ஏறிய காலத்தில், மலையின் மனிதர்கள் தங்கள் உழைப்புக்குக்கூட உரிமை அற்றவர்களாய் இருந்தார்கள்.

பின்வந்த ஆண்டுகளில் காடு அரசின் காவலுக்குள் மேலும் இறுகியது. சந்தன மரம் பொன்னின் விலை பெற்றது. கடத்தியவர்கள் பெரும்பொருள் திரட்டினார்கள். வெட்டுவதற்குக் கூலியாய்ப் போனவர்கள் மலைமக்கள். 1992 ஜூன் 20-ஆம் நாள் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி கிராமத்தில் என்ன நேர்ந்தது என்பதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் ஊரையே சூறையாடினர். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களுள் அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நீதி கிடைக்க அம்மக்கள் காத்திருந்த காலம் ஒரு தலைமுறை.

2015 ஏப்ரல் 7-ஆம் நாள் திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் மாண்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட அவர்களுள் சித்தேரி மலைக்காரர்களும் ஜவ்வாது மலைப் பக்கத்தவர்களும் இருந்தார்கள். சித்தேரியும் சேஷாசலமும் வெர்னே ஆய்வின் பட்டியலில் இடம்பெற்ற மலைகள். ஒரு மலையின் மக்கள் மற்றொரு மலையில் போய் மடிந்தார்கள். எட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாக அக்காடுகளைப் பற்றி அறிவு பெருகிற்று, காவல் பெருகிற்று, சட்டம் பெருகிற்று. அக்காட்டில் பிறந்தவனுக்கு அக்காட்டைக் காத்தே பிழைக்கும் வழி மட்டும் பெருகவில்லை. இதற்கு வெர்னேயைக் குறை சொல்வது நேர்மையாகாது. அவர் பறவைகளைப் பற்றி அறியப் பணம் கொடுத்தார். அதனைச் செவ்வையாகச் செய்தார். ஆனால் காட்டுக்கென்று கொடுப்பவர் கண்ணில் காட்டு மனிதர் படாமற்போவது ஒரு பழைய வழக்கமாகவே இருந்துவந்திருக்கிறது என்பதை நாம் மறுக்க இயலாது.

அதே கை கொடுத்த மற்றொரு கொடை

வியப்பு என்னவென்றால், இதற்கு மாற்றுவழி எது என்பதைக் காட்டியதும் அதே வெர்னேயின் முதுமைக் காலம்தான். வணிகத்திலிருந்து ஒதுங்கிய அவர் மேற்கிந்தியத் தீவுகளை அடுத்த பகாமாஸில் குடியேறினார். அங்கே இனாகுவா என்னும் தீவின் உப்பேரியில் வாழ்ந்த பூநாரைகள் அழிந்துகொண்டிருந்தன. வேட்டையாலும் தாழப் பறந்து விரட்டிய விமானங்களாலும் அவை கூடு கட்டிய இடங்களை விட்டு ஓடின. இராபர்ட் போர்ட்டர் ஆலன் என்னும் அமெரிக்கப் பறவையியல் அறிஞரோடு சேர்ந்து 1950-களின் தொடக்கத்தில் பூநாரைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை வெர்னே அமைத்தார். வேட்டைத் துப்பாக்கியோடு தொடங்கிய வாழ்வு காவற்பணியில் வந்து சேர்ந்தது.

அச்சங்கம் செய்த முதற்காரியங்களுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. காவலுக்கு அது வெளிநாட்டாரை அழைக்கவில்லை. அத்தீவிலேயே பிறந்து, அந்த உப்பேரியின் ஒவ்வொரு வளைவையும் அறிந்திருந்த நிக்சன் உடன்பிறப்புகளாகிய சாம், ஜிம் என்னும் இருவரைக் காவலர்களாக நியமித்தது. அவர்களுக்கு ஊதியமும் பொறுப்பும் மதிப்பும் கிடைத்தன. இவ்வரலாற்றை எழுதும் எவரும் அவ்விருவரின் பெயரைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. 1959-இல் உருவான பகாமாஸ் தேசிய அறக்கட்டளை அப்பணியை மேற்கொண்டது; 1965-இல் அவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று. அன்று சில ஆயிரமாகக் குறைந்திருந்த பூநாரைகள் இன்று பல்லாயிரமாகப் பெருகி நிற்கின்றன. வெர்னே 1960-இல் மறைந்தார். அவரது கொடைகளுள் இந்தக் கடைசிக் கொடை பணத்தளவில் பெரிதாக இராமல் இருக்கலாம். பயனளவில் இதுவே பெரிது எனலாம். பணம் இம்முறை உள்ளூர்க்காரரின் கையைத் தேடிச் சென்றது.

அறிந்தவர் யார்?

உள்ளூர் அறிவின் அருமைக்கு நம் கிழக்குத் தொடர்ச்சி மலையிலேயே ஒரு சான்று உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஜெர்டன் என்னும் மருத்துவர் கண்டு எழுதிய ஓடுபறவை ஒன்று, 1900-க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. வெர்னே ஆய்வும் அதனைத் தேடிக் காணாமல் திரும்பிற்று. அறிஞர்கள் அது அழிந்தது என்றே கருதத் தொடங்கினர். 1986-ஆம் ஆண்டு சனவரியில் பம்பாய்க் கழகத்தின் ஆய்வாளர் கடப்பை மாவட்டத்துக் கிராமங்களில் படத்தைக் காட்டிக் கேட்டு நடந்தபோது, பறவை பிடிக்கும் தொழிலாளி ஒருவர் இரவில் விளக்குடன் சென்று அப்பறவையை உயிரோடு பிடித்துவந்தார். தெலுங்கில் அதற்குக் ‘கலிவி கோடி’ என்று பெயரும் இருந்தது. அறிஞர்கள் எண்பத்தைந்து ஆண்டுகள் காணாததற்கு ஏழை வேட்டுவர் வாயில் பெயர் வழங்கிவந்தது. அவ்வொரு பறவையின் பொருட்டு இலங்கமலையில் சரணாலயம் அமைந்தது. அவ்வழியே வெட்டவிருந்த கால்வாயும் வழி மாறிற்று.

பணமே இல்லாமல் காத்தவர்களும் நம்மிடையே உண்டு. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது, அவ்வூர் மக்கள் ஆட்சியரிடம் முறையிட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாதுகாப்புச் சாசனம் பெற்றார்கள். 1858-இல் அதனைப் புதுப்பித்துக்கொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்ப் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்குள்ள பிள்ளைகள் ஆண்டுதோறும் விட்டுக்கொடுக்கும் அந்த மகிழ்ச்சியும் கொடைதான். அதனை எந்த அறக்கட்டளையும் தன் கணக்கில் எழுதுவதில்லை.

நம் வீட்டு வரலாறு

இவ்வரலாற்றில் நம் திருச்சபைக்கும் ஓர் எளிய பங்குண்டு. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில், தாவரவியலில் ஈடுபாடு கொண்ட ராப்பினா என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குருவின் பெயரால் ஓர் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. 1967-இல் அதனை நிறுவிய அருள்தந்தை கே. எம். மேத்யூ, சே.ச., தம் மாணவர்களோடும் உதவியாளர்களோடும் தமிழ்நாட்டின் கர்நாடகப் பகுதி என்று சொல்லப்படும் நிலப்பரப்பு முழுவதையும் கால்நடையாக ஆராய்ந்தார். கல்வராயன், சித்தேரி, பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் ஆகிய மலைகளின் செடிகொடிகள் எல்லாம் அவ்வாய்வில் அடங்கும். 1981 முதல் அந்நூல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் ஆங்க்லேடு இயற்கை வரலாற்று நிறுவனத்தையும் அவர் வளர்த்தார். 2004-இல் அவர் மறைந்தார்.

வெர்னே ஆய்வில் சேர்ந்த பறவைத் தோல்கள் பல கடல் கடந்து இலண்டன் சென்றன. மேத்யூ அடிகளார் சேர்த்த இலைகளும் மலர்களும் திருச்சியிலேயே, நம் பிள்ளைகள் பேருந்தில் போய்ப் பார்க்கும் தொலைவில் இருக்கின்றன. கல்வராயன் மலைச் சிறுமி ஒருத்தி தாவரவியல் படித்து அங்குப் போவாளாயின், தன் ஊர்க் கடுக்காய் மரத்தின் கிளையைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதி வைத்திருக்கக் காண்பாள். அறிவு அது பிறந்த இடத்திற்கு அருகிலேயே தங்குவதும் ஒரு நீதிதான்.

கேட்க வேண்டிய கேள்வி

1961-இல் உலகக் காட்டுயிர் நிதியம் தோன்றிய நாள்முதல், வெப்பமண்டலக் காடுகளுக்காகக் கொடுக்கும் கைகள் பெருகியுள்ளன. 1973-இல் இந்தியா புலிப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது அந்நிதியம் பத்து இலட்சம் டாலர் திரட்டித்தர முன்வந்தது. புலிகள் பிழைத்தன, அதற்கு நன்றி சொல்வோம். அதற்காக ஊரைவிட்டு எழுந்த குடும்பங்களும் பல. 2006-இல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம், காலங்காலமாகப் பழங்குடியினருக்கு இழைக்கப்பட்டது அநீதியே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

சேஷாசலத்தில் அந்த இருபது பேர் மாண்ட ஏழாவது வாரத்தில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் கையொப்பமிட்டார். நிலத்தின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் பிரித்துக் கேட்கக் கூடாது என்பது அதன் உயிர்க்கருத்து. சித்தேரியைப் பற்றி எண்ணும்போது அது வெறும் அறவுரையாகத் தோன்றுவதில்லை. நடந்த வரலாற்றைப் பார்த்துச் சொன்ன சொல்லாகவே தோன்றுகிறது.

நாமும் கொடுக்கிறோம். தவக்காலக் காணிக்கையிலிருந்தோ பள்ளி விழாவிலிருந்தோ, மரம் நடவும் ஏரி காக்கவும் ஒரு சிறு தொகை ஒதுக்கும் பங்குகள் இன்று உண்டு. அது நல்லது; வளரட்டும். கொடுக்கும்போது ஒரு கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்வோம். இப்பணத்தால் அக்காட்டில் வாழும் எவருக்கு வேலையும் மதிப்பும் கிடைக்கும்? அவர் பெயர் என்ன?

மாலையில் சேலத்திலிருந்து வரும் வண்டியில் கல்வராயன் மலைக்காரர்கள் சிலர் சின்னசேலத்தில் இறங்கக்கூடும். கேரளத்துக் காப்பித் தோட்டத்திலோ வேறெங்கோ கூலிவேலை முடித்துப் பையும் பாத்திரமுமாக அவர்கள் திரும்பலாம். எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டும் என்று இன்றும் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்களுள் இருப்பார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அச்சிறு சீட்டில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது.